மாடு மிரளாத டர்போ

செப்டம்பர் 25, திங்கள்

வெல்டிங் ராடு கம்பெனிக்காரர்கள் ஜனவரியில் இலவசமாகக் கொடுத்த டைரி இது. ஒன்பது மாதமாக மேசைக்குள் சும்மா கிடந்தது. இன்று பெரிய வேலை ஒன்று வந்திருப்பதால் எழுதத் தொடங்குகிறேன். அளவுகளும் தேதிகளும் மட்டுமே எழுதப்படும். சொந்த விஷயத்துக்கு இதில் இடமில்லை.

கணபதியில், சத்தி ரோட்டின் மேல் இருபத்திரண்டு வருடமாக சைலன்சர் கடை வைத்திருக்கிறேன். கோயமுத்தூரில் வண்டியின் சத்தத்தைக் கூட்டித் தரும் கடை தெருவுக்கு மூன்று உண்டு. குறைத்துத் தருகிறவன் நான் ஒருவன்தான். அதனால் என்னிடம் வருகிறவர்கள் எல்லாம் போலீஸ் எச்சரித்து அனுப்பியவர்கள். சந்தோஷமாக வருகிற வாடிக்கையாளரை நான் பார்த்ததே இல்லை.

இன்று ஒருவர் சிரித்துக்கொண்டே வந்தார். பழைய வெள்ளை எஸ்டீம் கார். இறங்கிய அம்மாவின் சுடிதாரில் முழங்கால் வரை சாணி தெறித்திருந்தது.

“ஏனுங்ணா, சைலன்சர் குழந்தைவேலுங்கிறது நீங்கதானுங்ளா?”

“ஆமாங்க. என்ன, புகை தள்ளுதுங்ளா?”

“அதெல்லாம் இல்லீங்ணா. இதுக்கு டர்போ போடணும்.”

வண்டிக்கு வயது இருபத்தைந்து. நான் சிரித்துவிட்டேன். “அம்மிணி, டர்போ போடுற கடை அவினாசி ரோட்டுல வரிசையா இருக்குதுங்க. போட்டு உட்டாங்கன்னா ஊரே திரும்பிப் பாக்கும்.”

“ஊரு பாத்தாப் பாத்துட்டுப் போகுதுங்ணா. மாடு பாக்கக் கூடாது.”

விஷயம் இதுதான். அவர் கோவில்பாளையத்தில் மாட்டு டாக்டர். வால்பாறைக்கு மாற்றல் ஆகிவிட்டது. நவம்பர் இருபதாம் தேதி போய்ச் சேர வேண்டும். நாற்பது கொண்டை ஊசி வளைவு. போன மாதம் வீடு பார்க்கப் போனபோது, வழியில் அடிபட்டுக் கிடந்த கன்றுக்குட்டியைப் பின் சீட்டில் ஏற்றியிருக்கிறார். ஒன்பதாவது வளைவில் வண்டி மூச்சு வாங்கி நின்றுவிட்டது. இனி மலையிலேயே குடியிருந்து எஸ்டேட் எஸ்டேட்டாகப் போக வேண்டும் என்றால் வண்டிக்கு இழுவை வேண்டும். ஆனால் தொழுவத்துக்குள் போய் நிற்கும்போது உறுமினால் மாடு மிரண்டு உதைக்கும்.

“புது வண்டியே வாங்கிக்கலாமுங்களே?”

“எங்க மேலதிகாரி வாங்குனாருங்ணா. அது யாரையும் கேக்காம தானா கதவைப் பூட்டிக்கிச்சு. நானும் ஒரு ஆடும் அரை மணி நேரம் உள்ள கெடந்தோம்.”

வேலையை ஒப்புக்கொண்டேன். டாக்டர் பெயர் சௌடாம்பிகை. வயது நாற்பது, நாற்பத்திரண்டு இருக்கலாம். இது வேலைக்குத் தேவையில்லாத விவரம். பேனாவில் எழுதிவிட்டதால் அழிக்கவில்லை.

செப்டம்பர் 27, புதன்

மேனிஃபோல்டைக் கழற்றினேன். எஞ்சினின் நான்கு சிலிண்டரிலிருந்தும் வருகிற புகையை ஒன்றாகச் சேர்த்து சைலன்சருக்கு அனுப்பும் நாலு கால் குழாய் அது. எட்டு போல்ட். ஆறு வந்தது, இரண்டு முறிந்தது. முறிந்த போல்ட்டைக் கண்டுபிடித்தவன் எவனோ, அவன் நன்றாக இருக்கட்டும்.

மாலை டியூட்டி முடிந்து டாக்டர் எட்டிப் பார்த்தார். பழைய மேனிஃபோல்டு ஏன் ஆகாது என்று கேட்டார். டர்போ பத்து கிலோ கனம். அதை அந்த வார்ப்பு தாங்காது, வாயும் பொருந்தாது என்றேன். டர்போ என்ன செய்யும் என்று கேட்டார்.

“எஞ்சின் வெளிய உடுற புகைக்கு இன்னும் வேகமும் சூடும் இருக்குமுங்க. அதை வீணா வெளிய உடாம, ஒரு சக்கரத்துல மோத உடறோம். அது சுத்துனா, மறுபக்கம் இன்னொரு சக்கரம் காத்தை அமுக்கி எஞ்சினுக்குள்ள தள்ளும். காத்து சேந்தா இழுவை சேரும்.”

“அப்போ தின்னதையே மறுக்கா வாய்க்குக் கொண்டாந்து சத்தை எடுக்குதுங்கறீங்க. எங்க மாடு அசை போடற மாதிரி.”

இருபத்திரண்டு வருடமாக எத்தனையோ மெக்கானிக்குகளுக்குச் சொல்லியிருக்கிறேன். ஒருத்தனும் இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டதில்லை.

செப்டம்பர் 30, சனி

உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் அலைந்து ஒரு சின்ன டர்போ எடுத்தேன். ஏதோ டீசல் காரில் இருந்தது. அச்சை விரலால் சுற்றினேன், ஆட்டம் இல்லை.

கடைக்குத் திரும்பும் வழியில் சவரம் செய்துகொண்டேன். வெல்டிங் பொறி தாடியில் பட்டால் ஆபத்து.

அக்டோபர் 4, புதன்

புது மேனிஃபோல்டு வேலை ஆரம்பம். பாய்லர் சாமான் விற்கும் கடையில் கனமான ஸ்டீம் பைப் வளைவுகள் வாங்கினேன். சைலன்சர் தகடு இதற்கு ஆகாது. டர்போ பக்கம் இரும்பு செக்கச் செவேல் என்று பழுக்கும். மெல்லிய தகடு ஒரு மாதத்தில் விரிசல் விடும்.

ஆர்கன் வெல்டிங்குக்கு ஆரோக்கியத்தை அழைத்தேன். கோயமுத்தூரில் அவனைப் போலப் பற்ற வைக்க ஆள் இல்லை. அதை அவனிடம் சொல்வதில்லை. செத்த எஞ்சின் ஹெட் ஒன்றில், மேனிஃபோல்டை எஞ்சினோடு சேர்க்கும் பட்டைகளை இறுக்கி வைத்துப் பற்ற வைத்தான். இல்லாவிட்டால் சூட்டில் பட்டை கோணிக்கொள்ளும்.

“ஏனுங்ணா, புதுச் சட்டையா?” என்றான்.

“பழசு அத்தனையும் தொவைக்கப் போட்டிருக்குது. வேலையப் பாரு.”

அக்டோபர் 7, சனி

டாக்டர் வரவில்லை. வேலை ஓடவில்லை. கரண்ட் இருந்தது.

அக்டோபர் 9, திங்கள்

டாக்டர் வந்தார். சனிக்கிழமை ஒரு எருமைக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டதாம். தாயும் கன்றும் நலம். மிகவும் சந்தோஷமாக இருந்தது. எருமைக்காகச் சொல்கிறேன்.

டர்போவுக்குப் பின்னால் சைலன்சர் வரை போகும் குழாய்க்கு டவுன்பைப் என்று பெயர். முன்னால் இருந்த குழாயைவிட அரை அங்குலம் அகலமாக வைக்க வேண்டும். வெளியே போகிற வழி குறுகலாக இருந்தால் டர்போ சுற்றாது. இதை விளக்கி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. அதற்குள் டாக்டர் என்னைப் பதினோரு முறை ‘அண்ணா’ என்று கூப்பிட்டார். இந்த ஊரில் பஸ் கண்டக்டரும் அண்ணா, பால்காரரும் அண்ணா. யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. நானும் பொருட்படுத்தவில்லை. எண்ணினேன், அவ்வளவுதான்.

அக்டோபர் 13, வெள்ளி

டவுன்பைப்பை மூன்றாவது முறையாக வெட்டச் சொன்னேன். சாய்வு கால் டிகிரி சரியில்லை.

“ஏனுங்ணா, மொதப் பைப்பே சரியாத்தான இருந்துச்சு?” என்றான் ஆரோக்கியம்.

“உனக்கு என்ன தெரியும்?”

“எனக்கு வெல்டிங் தெரியுமுங்ணா. கொஞ்சம் கண்ணும் தெரியும்.”

அதிகம் பேசுகிறான்.

அக்டோபர் 17, செவ்வாய்

மயிலாத்தா அக்கா சாப்பாட்டுத் தூக்கை மேசை மேல் டொக்கென்று வைத்தாள். என்னைவிட எட்டு வயது மூத்தவள், பக்கத்து வீட்டில் இருக்கிறாள். எனக்கு நாற்பத்தாறு வயது ஆகியும் கல்யாணம் ஆகாததற்கு ஊரில் எல்லோரிடமும் தனித்தனியாகக் காரணம் சொல்லி வைத்திருக்கிறாள்.

“கோவில்பாளையம் போயிருந்தேன். மாட்டாஸ்பத்திரிக்கு.”

“எதுக்குக்கா?”

“ஆட்டுக்கு ஒடம்பு செரியில்ல.”

“காலையில நல்லா முட்டிட்டுத்தான இருந்துச்சு?”

“அந்தம்மாவும் அதையேதான் சொல்லுச்சு, ஆட்டுக்கு ஒண்ணுமில்லீங்கன்னு. நான் பாக்கப் போனது ஆட்டையா? நல்ல புள்ளையாத் தெரியுது. புருசன்காரன் பத்து வருசத்துக்கு முன்னாலயே பிரிஞ்சு போயிட்டானாம். கொழந்த குட்டி இல்ல. தனியா இருக்குது.”

“ஆட்டைக் காட்டப் போன எடத்துல இதெல்லாம் எதுக்குக் கேட்ட?”

“நீ கேக்க மாட்டியேடா!” என்று தூக்கைத் திறந்து என் முன்னால் தள்ளினாள். “டர்போ டர்போன்னு அந்தக் காரை எத்தனை நாளைக்குடா கட்டிவெச்சுக்கப் போற? வேலை முடிஞ்சா அந்தப் புள்ள மலையேறிப் போயிரும். அதுக்குள்ள வாயத் தொறந்து சொல்லு.”

சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டேன். ரசம் காரமாக இருந்தது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. பட்டறையைக் கழுவிவிட்டு, எல்லா ஆயுதத்துக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். இன்று எதையும் கையால் தொட்டு வேலை செய்யக் கூடாது. மாட்ட வேண்டிய மேனிஃபோல்டு, டர்போ, டவுன்பைப், எண்ணெய்க் குழாய்கள் எல்லாவற்றையும் சாமி படத்தின் முன் வரிசையாக வைத்தேன். டாக்டரும் வந்தார், மஞ்சள் பட்டுச் சேலை. ஸ்டெதஸ்கோப்பையும் பெரிய ஊசியையும் எங்கள் ஸ்பேனர்களோடு சேர்த்து வைத்தார்.

பொரி, பொட்டுக்கடலை, வெல்லம் கலந்து படைத்தோம். டாக்டர் பார்க்கிறாரே என்று இரண்டு கையாலும் அள்ளி எல்லாச் சாமான் மேலும் தாராளமாகத் தூவினேன். டர்போவிலிருந்து எண்ணெய் கீழே இறங்குகிற குழாய் மட்டும் வாயைத் திறந்துகொண்டு நின்றது. அதற்கும் ஒரு பிடி.

“சாமிக்கும் சாமானுக்கும் நல்லா வயிறு நெறையட்டுமுங்க” என்று சிரித்தார் டாக்டர்.

நல்ல நாள்.

அக்டோபர் 24, செவ்வாய்

விஜயதசமி. நல்ல நேரம் பார்த்து எல்லாவற்றையும் மாட்டினோம். மாலை நான்கரைக்கு டாக்டரே சாவியைத் திருப்பினார்.

முதல் அரை நிமிடம் தங்கம். சத்தமே இல்லை. டர்போ மெல்ல விசிலடித்தது. அப்புறம் சைலன்சரிலிருந்து வெள்ளையும் நீலமுமாகப் புகை கிளம்பியது பாருங்கள்! கடை மறைந்தது. எதிரில் இருந்த டெய்லர் கடை மறைந்தது. தெருக்காரர்கள் மாநகராட்சியின் கொசு மருந்து வண்டி வந்துவிட்டது என்று ஜன்னல்களைச் சாத்தினார்கள். ஒரு பெரியவர் வாசலுக்கு வந்து, “எங்க ஊட்டுச் சாக்கடைக்கும் கொஞ்சம் அடிச்சு உடுங்க தம்பி” என்றார்.

டாக்டர் புகையிலிருந்து இருமிக்கொண்டே வெளியே வந்தார். மானம் போயிற்று. இருபத்திரண்டு வருடத்து மானம்.

அக்டோபர் 25, புதன்

தவறு ஆரோக்கியத்தின் மேல்தான் என்று தோன்றியது. பற்ற வைத்தபோது கசடு உள்ளே விழுந்து டர்போவில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீலை அறுத்திருக்க வேண்டும். சொன்னேன். சத்தமாகவே சொன்னேன்.

“எம் வெல்டிங்குல கசடா?” என்றான். முகமூடியைக் கழற்றிக் கீழே வைத்தான். “இருவது வருசத்துல யாரும் சொல்லாத வார்த்தைங்ணா இது.” தன் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அக்டோபர் 26, வியாழன்

எண்ணெய் இறங்கும் குழாயைக் கழற்றினேன். பார்த்தேன். மறுபடி மாட்டினேன். வேறு குறிப்பு இல்லை.

அக்டோபர் 28, சனி

டாக்டர் வந்தார். கோளாறு இன்னும் பிடிபடவில்லை என்றேன். கவலைப்பட்டார். பஜ்ஜி வாங்கி வந்திருந்தார். ஏழு மணி வரை பேசிக்கொண்டிருந்தோம், மாடுகளுக்கும் மனஸ்தாபம் உண்டாம். ஒரே தொழுவத்தில் கட்டினாலும் சில மாடுகள் வருடக்கணக்கில் பேசிக்கொள்ளாதாம்.

அக்டோபர் 30, திங்கள்

டாக்டர் வந்தார். கோளாறு பிடிபடவில்லை.

அக்டோபர் 31, செவ்வாய்

டாக்டர் வந்தார். பிடிபடவில்லை. போளி.

நவம்பர் 2, வியாழன்

இன்று டாக்டர் தின்பண்டம் எதுவும் கொண்டு வரவில்லை. மருத்துவப் பையோடு வந்தார். “நகருங்ணா, இன்னைக்கு நான் பாக்கறேன்” என்றார். ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு, வண்டியை ஓடவிட்டு, டர்போவின் வயிற்றில் வைத்துக் கேட்டார். நான் அருகில் நின்றுகொண்டிருந்தேன். நெற்றி வேர்த்தது. டர்போ சூடு.

“எண்ணெ உள்ள போகுதுங்ளா?”

“போகுதுங்க.”

“போன எண்ணெ கீழ எறங்குதுங்ளா?”

நான் ஸ்பேனரைத் துடைத்தேன்.

“மாட்டுக்கு வயிறு உப்புசம் வந்தா இப்படித்தானுங்ணா. உள்ள போறது போயிட்டே இருக்கும். வெளிய போற வழி அடைச்சிருக்கும். அப்புறம் எங்க சந்து கெடைக்குதோ அங்க பிச்சுட்டு வரும். இதுல எண்ணெ பொகை வழியில வருது.”

எஞ்சின் ஆறியதும் குழாயைக் கழற்றச் சொன்னார். மாட்டின் வயிற்றுக்குள் விடும் ரப்பர் ட்யூபை அதில் செருகி, பெரிய ஊசியால் டீசலைப் பீச்சினார். தட்டில் வந்து விழுந்தது: ஊறி உப்பிய பொரி, பத்துப் பன்னிரண்டு பொட்டுக்கடலை, கருகிக் கோந்தாகிப்போன வெல்லம்.

டாக்டர் அதை ஸ்பேனர் நுனியால் கிளறிப் பார்த்தார். அப்புறம் குழாயின் நுனியில், எண்ணெய் கசியாமல் இருக்க வைக்கும் கேஸ்கெட் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். “விஜயதசமியன்னைக்கு மாட்டுன கேஸ்கெட் கருத்திருக்கணும். இது புத்தம் புதுசா இருக்குதே” என்றார். என்னைப் பார்க்கவில்லை. குழாயைத் துடைத்து என் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

எழுதிவிடுகிறேன். போன வியாழனே பார்த்துவிட்டேன். பொரி இருந்ததும் தெரியும், போட்டவன் நான் என்பதும் தெரியும். எடுத்தால் வண்டி ஓடும். ஓடினால் போய்விடும். அதனால் கடலையோடு சேர்த்துப் புது கேஸ்கெட் போட்டு மறுபடி மாட்டினேன். ஒரு வாரம் பஜ்ஜியும் போளியும் தின்றுகொண்டு, தெரியவில்லை தெரியவில்லை என்று பொய் சொன்னேன். ஆரோக்கியத்தின் மேல் பழி போட்டதைத் திருத்தவும் இல்லை. எனக்கே என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

நவம்பர் 3, வெள்ளி

ஆரோக்கியத்தின் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றுகொண்டே நடந்ததைச் சொன்னேன். உன் வெல்டிங்கில் கசடு கிடையாது, கோயமுத்தூரில் உன்னைப் போல ஆள் கிடையாது, எல்லாம் என் தப்பு என்றேன்.

“ரெண்டாவதாச் சொன்னீங்ளே, அதை மறுக்காச் சொல்லுங்ணா” என்றான். சொன்னேன். மனைவியை வெளியே அழைத்து, அவள் முன்னாலும் சொல்ல வைத்தான். பிறகு உட்கார வைத்துத் தோசை போட்டார்கள்.

“மூணு தடவ பைப்பை வெட்டச் சொன்னப்பவே எனக்குத் தெரியுமுங்ணா. அந்தம்மாட்ட எப்பச் சொல்லப் போறீங்க?”

“என்னத்த?”

“எந்திரிச்சுப் போங்ணா” என்றான்.

நவம்பர் 6, திங்கள்

நான்கு நாளாக டாக்டர் வரவில்லை. கோபமாக இருக்கும். இருக்க வேண்டியதுதான். வண்டியை ஒழுங்காக முடித்துக் கொடுப்பதைத் தவிர நான் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. டவுன்பைப் நடுவில் நெளியும் குழாய் வைத்தேன். எஞ்சின் ஆடும்போது பற்ற வைத்த இடங்கள் விரியாது. அனல் படாமல் இருக்க எல்லாவற்றுக்கும் துணி சுற்றினேன், ஒயர் பக்கம் தகடு அடித்தேன். சைலன்சரை என் கையாலேயே செய்தேன். இதுபோல இன்னொன்று என்னாலேயே செய்ய முடியுமா தெரியாது.

நவம்பர் 8, புதன்

போன் செய்தேன். “வண்டி ரெடிங்க. இந்தத் தடவை நெசமா.”

“செரி. கோவில்பாளையத்துக்கு ஓட்டிட்டு வாங்க. மாடு பாக்கட்டும்.”

போனேன். ஒரு விவசாயியின் தொழுவம். சத்தம் அளக்கும் கருவி: செவலை மாடு ஒன்று, பெயர் லட்சுமி, கோபக்காரி என்று பெயர் எடுத்தது. டாக்டர் அதன் பக்கத்தில் நின்றார். நான் வண்டியைப் பத்தடி தூரத்தில் கொண்டு வந்தேன். லட்சுமியின் இடது காது திரும்பியது.

“காது ஆடுச்சு” என்றார் டாக்டர் கறாராக.

கடைக்குத் திரும்பி, டவுன்பைப்புக்கும் சைலன்சருக்கும் நடுவில் பஞ்சு அடைத்த சின்ன உருளை ஒன்று சேர்த்தேன். மாலையில் மறுபடி. தொழுவத்துக்குள்ளேயே ஓட்டி, மூக்குக்கு இரண்டு அடியில் நிறுத்தி, ஒரு முறை முடுக்கினேன். லட்சுமி என்னைப் பார்த்தது. அசை போட்டது. வாலைத் தூக்கி, தன் வேலையை முடித்துக்கொண்டது.

“நிம்மதியா இருந்தாத்தான் மாடு இப்படிப் போடும்” என்றார் டாக்டர். “பாஸ்.”

ஆறு நாளில் முதல் முறையாகச் சிரித்தார். எனக்கு அழுகை வரும்போல இருந்தது. ஒரு விஷயம்: இன்று முழுக்க ‘அண்ணா’ என்ற சொல் வரவில்லை. கோபத்தால் இருக்கலாம். வேறு காரணமும் இருக்கலாம். நான் எதையும் நினைக்கவில்லை. எதையும் நினைக்காமலே விடிய விடியத் தூங்கவில்லை.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. டாக்டர் அதிரசம் கொடுத்து அனுப்பியிருந்தார். கல் மாதிரி இருந்தது. நான்கு தின்றேன்.

நவம்பர் 18, சனி

டாக்டர் இன்று மலைக்குக் கிளம்புகிறார், வண்டியை ஒப்படைத்தேன். சொல்ல வேண்டியது எல்லாவற்றையும் சொன்னேன். மலை ஏறி நின்றதும் சட்டென்று அணைக்கக் கூடாது, இரண்டு நிமிடம் சும்மா ஓடவிட வேண்டும், டர்போ ஆறட்டும். எண்ணெயைச் சீக்கிரம் மாற்ற வேண்டும். மேனிஃபோல்டு நட்டுகள் புதிது என்பதால் சூடாகி ஆறும்போது ஒரு வாரத்தில் தளரும். அவற்றை மறுபடி முறுக்கியே ஆக வேண்டும், மறக்கவே கூடாது. கடைசியைத் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

“வேற ஏதாச்சும் சொல்லணுங்ளா?” என்று கேட்டார். கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு, எஞ்சினை ஓடவிட்டு, இரண்டு நிமிடம் காத்திருந்தார். ஸ்டியரிங் மேல் விரலால் தாளம் போட்டார். ஆரோக்கியம் எனக்குப் பின்னால் நின்று செருமினான். எதிரில் டெய்லர் மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

“டயர்ல காத்து செக் பண்ணிக்குங்க” என்றேன்.

போய்விட்டார். சத்தி ரோட்டில் அந்த வண்டி போனபோது ஒரு சத்தமும் இல்லை. நான் செய்ததிலேயே சிறந்த சைலன்சர். தெருமுனை திரும்புகிற வரைக்குமாவது சத்தம் கேட்டிருக்கலாம். நான் ஒரு முட்டாள். நாற்பத்தாறு வயது முட்டாள்.

நவம்பர் 20, திங்கள்

பட்டறை காலியாக இருக்கிறது. ஆட்டோ ஒன்று வந்தது. புகை தள்ளுகிறதாம்.

நவம்பர் 22, புதன்

டாக்டர் போன் செய்தார். ஒன்பதாவது வளைவை மூன்றாவது கியரில் தாண்டினாராம். “நின்னு போன எடத்துல ஹாரன் அடிச்சுட்டுப் போனேன்” என்றார். நட்டுகளைப் பற்றிக் கேட்டேன். ஆகட்டும் பார்க்கலாம் என்றார். நட்டு விஷயத்தில் ஆகட்டும் பார்க்கலாம் என்பது கூடாது. ஆபத்து. நேரில் போய்ப் பார்ப்பதே முறை.

அக்காவிடம் சொன்னேன். “நட்டு முறுக்கத்தான? போ போ, நல்லா முறுக்கிட்டு வா” என்றாள்.

நவம்பர் 26, ஞாயிறு. வால்பாறை

கால்நடை மருந்தகத்தின் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

விடிந்ததும் பைக்கில் கிளம்பினேன். ஸ்பேனர் செட், முறுக்கை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனர், உதிரி நட்டு பதினாறு, கேஸ்கெட் இரண்டு. நாற்பது வளைவையும் எண்ணிக்கொண்டே ஏறினேன். முப்பத்தொன்றில் மழை. வந்து சேர்ந்தபோது தலை முதல் கால் வரை சொட்டியது. டாக்டர் ஒரு கன்றுக்குட்டிக்கு மருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. “தலையப் புடிங்க” என்றார். பிடித்தேன். கன்று என் சட்டையில் பாதியைத் தின்றது. புதுச் சட்டை.

வேலை முடிந்ததும் கை கழுவிக்கொண்டு வந்தார். “நட்டு முறுக்கணும்னு வந்தேனுங்க” என்றேன். “பாருங்க” என்று பானெட்டைத் திறந்தார்.

எட்டு நட்டிலும் ஸ்பேனரை வைத்தேன். எட்டும் கடுகளவு அசையவில்லை. ஒவ்வொன்றின் மேலும் சிவப்பு பெயின்டில் நேர்க்கோடு இழுத்திருந்தது. தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். கைதேர்ந்த மெக்கானிக் செய்கிற வேலை.

“இது யாருங்க பண்ணுனது?”

“நான்தான். எஸ்டேட் ஒர்க்‌ஷாப்ல டார்க் ஸ்பேனர் வாங்கி, வெள்ளிக்கெழமையே முறுக்கிட்டேன்.”

டவுன்பைப்பைப் பார்த்தேன். விரிசல் இல்லை. எண்ணெய்க் குழாயைத் தொட்டுப் பார்த்தேன். ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. கீழே படுத்து சைலன்சரைத் தட்டினேன். ஒரு கோளாறும் இல்லை. எனக்கு இவ்வளவு ஏமாற்றமாக இருந்ததே இல்லை. எழுந்து நின்றேன்.

“வண்டியில ஒரு கொறையும் இல்லீங்ளே?” என்றார்.

“இல்லீங்க.”

“அப்புறம் நாப்பது வளைவு ஏறி, மழையில நனைஞ்சு, எதுக்கு வந்தீங்க?”

கேஸ்கெட் என்று சொல்லலாமா என்று நினைத்தேன். அந்த வார்த்தையை இந்த அம்மாவிடம் எடுக்க முடியாது. ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

“உங்களைப் பாக்கத்தானுங்க,” என்றேன். “நீங்க போனதுல இருந்து எனக்கு ஒண்ணும் ஓடலைங்க. பொரி உள்ள இருந்தது தெரிஞ்சே மறைச்சேன். நீங்க தினமும் வரணும்னு. அது தப்புத்தானுங்க. ஆனா உங்களைப் பாக்கணும்னு நெனச்சது தப்பான்னு எனக்குத் தெரியல.”

அவர் பானெட்டை மெதுவாக மூடினார். தொழுவத்தில் பழகிய கை, சத்தமே வரவில்லை.

“பதினெட்டாந் தேதி ரெண்டு நிமிசம் வண்டியை ஓட உட்டுக் காத்துட்டு இருந்தேன். டயர்ல காத்து பாக்கச் சொன்னீங்க.”

“ஆமாங்க.”

“அழுதுட்டே ஆழியார் வரைக்கும் போனேன். ஒரு மனுசனுக்கு இவ்வளவு பயமான்னு.” துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார். “தலையத் தொவட்டுங்க. இன்னைக்கு மழையில எறங்க முடியாது. கம்பவுண்டர் ஊட்டுல தங்கிக்கலாம். நாளைக்குக் கடைக்கு லீவு சொல்லிருங்க.”

அக்காவுக்குப் போன் போட்டேன். நாளைக்குக் கடை லீவு, வரமாட்டேன் என்றேன்.

“ஏன்டா, கார்த்திகை தீபத்தன்னைக்குப் போனவன் நாளைக்கும் வராம அங்க என்ன பண்றே? இன்னும் நட்டு முறுக்கி முடியலையா?”

வேலை இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். சௌடாம்பிகை எதிரிலேயே நின்று, கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பொண்ணு பாக்க வந்திருக்கேன்க்கா,” என்றேன்.

அக்கா குரலைத் தாழ்த்தி, “அந்தப் புள்ள பக்கத்துல இருக்குதா?” என்றாள்.

“இருக்குது.”

“போனை அதுகிட்டக் குடு. நீ பேசுனாக் கெடுத்துப்போடுவே.”

கொடுத்துவிட்டேன்.